நாற்பத்திரண்டாவது போல்ட்

பெயிண்ட் அடிப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை ஐயா. அதற்கு முன்னால் சுரண்டுகிறோமே, அதுதான் வேலை. துருவை முழுசாக எடுக்காமல் மேலே பூசினால் ஆறு மாதம் பளபளவென்று இருக்கும், அப்புறம் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிடும். அந்த ட்ரெய்லரை நான் இரண்டு மாதம் சுரண்டியிருக்கிறேன். அதனால்தான் நீங்கள் அறிக்கையை வாசித்துக் காட்டியபோது சட்டென்று எழுந்து நின்றுவிட்டேன். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"முன்காலின் வெல்டிங் தரமற்றது, அது விட்டுப்போய் வண்டி சரிந்ததே மரணத்துக்குக் காரணம்" என்று எழுதியிருக்கிறது. வண்டியைச் சோதிக்க வந்த அதிகாரி எழுதியது. நீங்கள் அதன் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டால் விபத்து என்று முடிந்துவிடும், நான் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போகலாம் என்று நீங்களே சொன்னீர்கள். போகலாம்தான். எனக்கும் உடம்பெல்லாம் ஓய்ந்து கிடக்கிறது. ஆனால் அந்த வரி தப்பு ஐயா. அதை மாற்றச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆதியிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

பட்டறை அப்பா வைத்தது. கேட், ஜன்னல் கம்பி, தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட், எப்போதாவது வண்டி ரிப்பேர். அப்பா போனபோது அண்ணனுக்கு இருபத்தெட்டு வயது, எனக்கு இருபத்தொன்று. இப்போது எனக்கு ஐம்பத்து நான்கு. அன்றைக்கும் நான் சின்னவன், போன வாரம் வரைக்கும் சின்னவன்தான். வாடிக்கையாளர்களுக்கு என் பெயர் தெரியாது. "சின்னவன் இருக்கானா?" என்றுதான் பல்லுப் போன கிழவரிலிருந்து நேற்று மீசை முளைத்தவர் வரைக்கும் கேட்பார்கள்.

பட்டறையில் ஒரே ஒரு நாற்காலி. அது அண்ணனுடையது. எனக்கு ஒரு கருங்கல். மேல்பக்கம் தட்டையாக, இரண்டு கையாலும் தூக்கக்கூடிய கனத்தில் இருக்கும். டீ குடிக்கும்போது அது என் நாற்காலி. ஏதாவது வண்டி உள்ளே வந்தால் அது சக்கரத்துக்கு அண்டைக் கல். எங்கள் பட்டறைத் தரை கழுவிவிட வசதியாக வாசல் பக்கம் சரிவாக இருக்கும்; கல் வைக்காமல் எந்த வண்டியும் நிற்காது. அதனால் வண்டிக்கு அடியில் போகும் முன்னால் அண்ணன் ஒரு கேள்வி கேட்பார். "கல்லு இருக்கா?" நான் "இருக்கு" என்பேன். அவர் குனிந்து படுப்பார். முப்பத்து மூன்று வருஷம் இதே கேள்வி, இதே பதில். அவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அண்ணன் கெட்டவர் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரிக்கு ஒருமுறை காய்ச்சல் முற்றி நினைவு தப்பியபோது, நான் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்க, அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான். சாப்பிட்டாயா என்று கேட்காமல் அவர் சாப்பிட உட்கார்ந்தது கிடையாது. அவரிடம் ஒரே ஒரு பழக்கம்தான் எனக்கு ஒத்துவரவில்லை.

எந்த வேலையானாலும் அளவெடுப்பது, வெட்டுவது, பற்றவைப்பது எல்லாம் நான். முடிகிற நேரத்தில் அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து வருவார். தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார். "நகருடா சின்னவனே" என்பார். என் கையிலிருக்கும் ஸ்பேனரை வாங்கி, கடைசி போல்ட்டை அவர் முடுக்குவார். கேட் என்றால் கடைசிப் பூச்சை அவர் இழுப்பார். பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாடிக்கையாளரிடம், "முடிச்சாச்சு, நானே முடுக்கிட்டேன்" என்பார். அவ்வளவுதான். அது அண்ணன் செய்த கேட் ஆகிவிடும்.

ஒருமுறை நான் பற்றவைத்த கேட் ஒன்று கீல் விட்டு விழுந்து, ஒரு வாத்தியாரின் கால் விரலை நசுக்கிவிட்டது. தப்பு என்னுடையதுதான், அவசரத்தில் செய்தது. வாத்தியார் வீட்டு ஆட்கள் நாலு பேர் வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்கள். அண்ணன் என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, "நான்தான் முடுக்கினேன், என்னைக் கேளுங்க" என்றார். அவர்கள் கேட்ட கேள்வியெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி. தலை குனிந்தபடியே கேட்டுக்கொண்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்லது மட்டும்தான் அவருக்குப் போகும் என்று நினைத்திருந்தேன். தப்பைக்கூட எனக்கென்று அவர் விட்டுவைக்கவில்லை.

என் வீட்டுக்காரி விளையாட்டாகத்தான் சொல்வாள். "உங்க அண்ணனுக்கு ஸ்பேனர் எடுத்துக் குடுக்கவே உங்களைப் பெத்தாங்களோ என்னவோ. நீங்க முடிச்ச வேலைன்னு ஒண்ணே ஒண்ணைக் காட்டுங்க, நான் வந்து பார்க்கிறேன்." சொல்லிவிட்டு அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். இருபத்தாறு வருஷமாகச் சிரித்திருக்கிறோம்.

அந்த ட்ரெய்லர் ஒரு வீட்டின் கொல்லையில் கிடந்தது. ஜன்னல் கம்பி மாட்டப் போன இடம். பலகை முழுக்க உளுத்து, நடுவில் செடி முளைத்து, ஒரு டயர் மண்ணுக்குள். அந்த வீட்டம்மா, "எடுத்துட்டுப் போனீங்கன்னா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். இழுத்து வந்து நிறுத்தியபோது அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதை ரிப்பேர் பண்ணக் கூடாதுடா, அடக்கம் பண்ணணும்" என்றார். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அண்ணே, இது என் வேலை. பட்டறை வேலை முடிஞ்சப்புறம் பண்ணிக்கிறேன்."

"பண்ணிக்கோ."

"கடைசி போல்ட்டும் நான்தான் முடுக்குவேன்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அதுல என்னடா இருக்கு? சரி, நீயே முடுக்கிக்கோ" என்றார். வாய் நிறையச் சொன்னார் ஐயா. அதை மறக்க வேண்டாம்.

முதலில் பலகையைக் கழற்றினேன். போல்ட் ஒன்றுகூட அசையவில்லை, எல்லாவற்றையும் அறுத்துத்தான் எடுத்தேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துத் தோள்பட்டை கழன்றுவிடும் போல வலிக்கும். அரித்துப்போன இரண்டு குறுக்குச் சட்டங்களை வெட்டிப் புதுசு வைத்தேன். சக்கரத்து பேரிங் மாற்றி கிரீஸ் வைத்தேன். முன்பக்கம், கொக்கியை ஒட்டி, வண்டியைத் தனியாக நிறுத்திவைக்க ஒரு கால் வேண்டும். பழைய கால் முறிந்துபோயிருந்தது. கனமான குழாயில் புதுசு செய்து, சுற்றிலும் இரண்டு சுற்று பற்றவைத்தேன். அந்த வெல்டைத்தான் உங்கள் அதிகாரி தரமற்றது என்கிறார். பிறகு துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, அதன் மேல் நீலம் இரண்டு பூச்சு. அண்ணன் சாம்பல் கலர் அடி, அழுக்குத் தெரியாது என்றார். நான் நீலமே அடித்தேன். முப்பது வருஷத்தில் அவர் சொன்னதை நான் கேட்காமல் விட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பலகை ஏழு. நல்ல கெட்டி மரம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பென்சில் கனத்துக்கு இடைவெளி விட்டேன், மழையில் மரம் ஊதினால் முட்டிக்கொண்டு தூக்கக் கூடாது. வெட்டிய முனைகளில் எண்ணெய் பூசினேன். தண்ணீர் அங்கேதான் முதலில் ஏறும். பலகைக்கு ஆறு போல்ட், மொத்தம் நாற்பத்திரண்டு. தலை மேலே, நட் அடியில். நாற்பத்தொன்றை முடுக்கினேன். முன் சட்டத்தில் நடுப்பலகையில் இருந்த ஒன்றைக் கையால் மட்டும் திருகிவிட்டு நிறுத்தினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பட்டறைக்கு வா என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். "என்ன விசேஷம்?" என்றாள். "வந்து பாரு" என்றேன். அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று இப்போது சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

இதைச் சொன்னது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் நான் வந்து பார்த்தபோது நாற்பத்திரண்டாவது போல்ட் முடுக்கியிருந்தது.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரில் சிமெண்ட் கடைக்காரர் ட்ரெய்லரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஜம்முனு இருக்கே" என்றார் அவர். அண்ணன், "ஒண்ணு லூசா இருந்துச்சு, நானே முடுக்கிட்டேன்" என்றார். என்னைப் பார்த்து, "ஞாபகம் எங்கடா வச்சிருக்க? இப்படியே ரோட்டுக்குப் போயிருந்தா?" என்றார். கோபமாக இல்லை, செல்லமாகத்தான்.

சொன்ன வார்த்தையை அவர் மறந்தே போயிருந்தார். வேண்டுமென்றே மீறியிருந்தால்கூட எனக்கு ஒரு சண்டையாவது கிடைத்திருக்கும். எனக்கு அலுப்பாக இருந்தது.

மத்தியானம் அவர் சாப்பிடப் போனதும் அடியில் படுத்து அந்த நட்டைத் திரும்பவும் தளர்த்தினேன். இதில் குற்றம் எதுவும் இல்லை. அது என்னுடைய போல்ட். புதன்கிழமை காலையில் வந்து பார்த்தேன், மறுபடியும் முடுக்கியிருந்தது. அண்ணனால் தளர்ந்த போல்ட்டைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. சிலருக்குக் கோணலாக மாட்டிய படத்தைப் பார்த்தால் கை பரபரக்கும் இல்லையா, அப்படி. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் தெளிவாகப் புரிந்தது. நான் எப்போது தளர்த்தினாலும், அவர் வந்து அடியில் படுப்பார்.

இப்போது முன்கால் விஷயத்துக்கு வருகிறேன். கவனமாக எழுதிக்கொள்ளுங்கள், முக்கியமான இடம். அந்தக் கால் தரையில் நிற்காது, ஒரு மரக்கட்டை மேல் நிற்கும். சக்கரத்துக்குக் கல் இருக்கும்வரை வண்டி ஆடாது. கல் இல்லையென்றால், யாராவது அடியில் படுத்து நீள ஸ்பேனரைப் போட்டு வாசல் பக்கமாக இழுக்கும்போது வண்டி கொஞ்சம் கொஞ்சமாக நகரும். மூன்றாவது இழுப்பில் கால் கட்டையை விட்டு இறங்கிவிடும். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், வியாழக்கிழமை அண்ணன் வெளியே போயிருந்தபோது கல்லை எடுத்துவிட்டு, வண்டிக்கு வெளியில் நின்றுகொண்டு கம்பியால் இழுத்துப் பார்த்தேன். மூன்றாவது இழுப்பு. முன் சட்டம் அப்படியே தரைக்கு வந்தது. புதுப்பலகை வளையாமல் படிய வேண்டும் என்று முன்பக்கம் பழைய இரும்பு பாரம் வேறு ஏற்றி வைத்திருந்தேன், பாரம் வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம்தான். அவ்வளவு பாரத்தோடு விழுந்தும் காலின் வெல்டில் ஒரு கீறல் இல்லை. பெயிண்ட் மட்டும் லேசாக வெடித்தது. உங்கள் அதிகாரி பார்த்தது பெயிண்ட் வெடிப்பை. ஆக, அந்த வெல்ட் ஒருமுறை இல்லை, இரண்டு முறை தாங்கியிருக்கிறது. ஜாக்கி வைத்துத் தூக்கி, காலைத் திரும்பக் கட்டை மேல் ஏற்றி, கல்லை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டரை மணிக்கு நட்டைத் தளர்த்தினேன். கல்லை எடுத்துக்கொண்டு வந்து சுவர் ஓரமாகப் போட்டு உட்கார்ந்தேன். என் டீ நேரம் அது. எல்லா நாளும் உட்கார்வதுதான்.

மூன்று மணி சுமாருக்கு அண்ணன் வந்தார். வெயிலில் நடந்து வந்திருந்தார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் குடித்தார். ட்ரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றினார். குனிந்து பார்த்தார்.

"ஏன்டா, திரும்ப லூசாயிருக்கு? வாஷர் போட்டியா இல்லையா?"

"போட்டேண்ணே."

"என்னத்தப் போட்ட. அந்த ஸ்பேனரை எடு."

எடுத்துக் கொடுத்தேன். இந்த ஒரு வேலையில் மட்டும் எனக்குக் கை தப்பாது. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். நான் திரும்ப உட்கார்ந்துகொண்டேன். நீல வண்டிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். படுத்து உள்ளே போகும்போது எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்டார். எப்போதும் சொல்கிற பதிலைச் சொன்னேன்.

முதல் இழுப்பு. இரண்டாவது. நான் இழுக்கச் சொல்லவில்லை, அவராகத்தான் இழுத்தார்.

ரொம்பச் சத்தம் இல்லை. அவர் உடனே போகவில்லை ஐயா, அதையும் மறைக்க விரும்பவில்லை. மூச்சு இருந்தது. "சின்னவனே, தூக்குடா" என்றார். பிறகு இன்னொரு கேள்வி கேட்டார். அதைக் கடைசியில் சொல்கிறேன். மூச்சு நின்றதும் எழுந்தேன். ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினேன். அவர் பக்கத்தில் படுத்தேன். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே பாயில்தான் படுப்போம். அதற்கப்புறம் பக்கத்தில் பக்கத்தில் படுத்தது அன்றைக்குத்தான். ஸ்பேனர் அவர் கையிலேயே இருந்தது. வாங்கி, நாற்பத்திரண்டாவது போல்ட்டை நான் முடுக்கினேன். இரண்டரைச் சுற்று. பிறகு ஜாக்கியை இறக்கி எடுத்தேன், கல்லைக் கொண்டுபோய்ச் சக்கரத்துக்கு வைத்தேன், கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து ஆட்களைக் கூப்பிட்டேன்.

கல்லை நான் வைத்ததுதான் பிசகு. சோதனை அதிகாரி வந்து பார்த்தார். சக்கரத்துக்குக் கல் இருக்கிறது, பின்னே வண்டி எப்படிச் சரியும், கால்தான் விட்டிருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள வைத்த கல், என் வேலை மேலேயே பழியைப் போட்டுவிட்டது.

நாலு மணிக்கு வீட்டுக்காரி வந்தாள், கையில் பிளாஸ்க். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "முடிச்சுட்டேன், வந்து பாரு" என்று சொன்னேன். நடுப்பலகையில் அந்தப் போல்ட்டைக் கையால் காட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றிலிருந்து அவளுடைய அக்கா வீட்டில் இருக்கிறாள். சரியாகிவிடும் என்று நினைக்கிறேன், அதிர்ச்சி.

எல்லாம் முடிந்து நாலாம் நாள் அண்ணி என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்தார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. "தம்பி, வண்டி வேலையில ஏதோ கோளாறுன்னு எழுதப் போறாங்களாம். உங்க மேல வந்துடுமோன்னு பயமா இருக்கு. அவர் இருந்திருந்தா விட்டிருக்க மாட்டாரு. கடைசி போல்ட்டை நான் முடுக்கிட்டேன்னா, நாளைக்கு என்ன தப்பு வந்தாலும் என்னைத்தான் கேப்பாங்க, சின்னவனை ஒரு பய கேக்க மாட்டான்னு சொல்லுவாரு. மாமா சாகறப்ப அவர்கிட்ட வாங்கின சத்தியம் அது. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். துக்கத்தில் இருப்பவர்கள் என்னென்னவோ சொல்வார்கள். போனவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லிக்கொண்டால் மனசுக்கு ஆறுதல். அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குப் பிறகு சாப்பாடு சரியாக இறங்கவில்லை, வெயில் காரணமாக இருக்கலாம்.

ஆகவே ஐயா, அறிக்கையில் அந்த வரியை அடித்துவிடுங்கள். வெல்டிங் தரமானது, கால் முறியவில்லை, கட்டையை விட்டு இறங்கியது, சக்கரத்துக்குக் கல் இல்லாததால் வண்டி நகர்ந்தது, கல்லை எடுத்தது தம்பி என்று எழுதுங்கள். தெரிந்தே எடுத்தேன் என்று எழுதுங்கள். கொன்றேன் என்று எழுத வேண்டுமானால் அதையும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வண்டியை உங்கள் முற்றத்தில் மழையில் நிறுத்திவைக்காதீர்கள், மேலே ஒரு தார்ப்பாயாவது போடுங்கள். எண்ணெய் இன்னும் ஒரு பூச்சு பாக்கி இருக்கிறது.

ஒன்றை மட்டும் எழுதிவிடாதீர்கள். அண்ணனிடம் பொய் சொன்னேன் என்று எழுதாதீர்கள். பிறந்ததிலிருந்து அவரிடம் நான் ஒரு பொய் சொன்னதில்லை. அடியில் கிடந்துகொண்டு அவர் கடைசியாகக் கேட்டதும் அதைத்தான். குரலே எழும்பவில்லை. "கல்லு இருக்குன்னியேடா" என்றார்.

"இருக்குண்ணே" என்றேன்.

இருந்தது ஐயா. நான் அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தேன்.